குருகு பார்த்தது ஆரலை: சங்கப் பாடல்களில் சூழலறிவு

குறுந்தொகையின் 25ஆம் பாடலில் ஒரு பெண் தனக்குச் சாட்சி இல்லை என்று சொல்லி வருந்துகிறாள். அவன் அவளோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை; கள்வனாகிய அவன் மட்டுமே இருந்தான்; அவன் பொய் சொன்னால் அவள் என்ன செய்ய முடியும்? பிறகு, நினைவுக்கு வந்ததுபோல, ஒன்றைச் சேர்க்கிறாள்: ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.’ ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு குருகு அங்கே இருந்தது. கபிலரின் இந்தப் பாடல் அதோடு முடிகிறது.

இந்த முடிவின் வலி எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒரு பறவை இரைதேடும் முறையில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். குருகு நீரோரத்தில் அசையாமல் நிற்கும். அதன் முழுக் கவனமும் நீருக்குள் நெளியும் மீன்மீது குவிந்திருக்கும். அருகில் நடப்பது அதன் கண்ணில் படாது. ஆகவே, இருந்த ஒரே சாட்சியும் பார்க்காத சாட்சி. அதன் காலைத் தினைத்தாளுக்கு ஒப்பிட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். நம் வயல்களில் மடையான் என்று அழைக்கப்படும் குளத்துக்கொக்கின் கால் மங்கிய பச்சை நிறம் கொண்டது. சின்னக் கொக்கின் கால் கறுப்பு. கபிலர் நிறத்தைத் தவறவிடவில்லை. உவமைக்கு எடுத்த தாளோ குறிஞ்சிநிலப் பெண் நாள்தோறும் காவல் காத்த தினைப்புனத்தின் தாள். அவள் கண்ணுக்குப் பழகிய பொருளைக் கொண்டே அவள் பறவையை அளக்கிறாள். ஆரலைத் தேடும் கொக்கைப் பார்த்திராத வாசகருக்கு இந்தப் பாடலின் பொருளை உரை சொல்லிவிடும். ஆனால் அந்த நிற்பின் அமைதி உரையில் ஏறாது.

சங்க இலக்கியத்தை ‘இயற்கையை வருணித்த இலக்கியம்’ என்று சொல்லும் வழக்கம் பாடநூல்களிலும் மேடைகளிலும் நெடுங்காலமாக உண்டு. அந்தச் சொல் இந்தப் பாடல்களுக்குப் போதாது என்று நான் கருதுகிறேன். வருணனையை நீக்கினாலும் ஒரு பாடலின் பொருள் நிற்கும். மேற்கண்ட பாடலில் குருகை நீக்கினால் எஞ்சுவது ஒரு புலம்பல் மட்டுமே. உயிர்களின் நடத்தை, மண்ணின் தன்மை, மழையின் காலம் ஆகியவை பற்றிய துல்லியமான அறிவே இங்கே கவிதையின் இலக்கணமாகச் செயல்படுகிறது. இன்று உலகெங்கும் சூழலியல் கவிதை என்று ஒரு வகை பேசப்படுகிறது. சூழலியல் என்ற அறிவுத்துறைக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் பெயரிட்டது 1866இல். இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் ஆராயும் திறனாய்வுக்கு வில்லியம் ரூக்கர்ட் பெயர் கொடுத்தது 1978இல். இந்தப் பெயர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, உயிரினங்களையும் நிலத்தையும் மனித வாழ்வையும் ஒரே வலையாகப் பார்த்த ஒரு கவிதை மரபு இங்கே இலக்கணம் வகுக்கப்பட்டு இயங்கியது. இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த இலக்கணம் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்த்தால், இன்று நாம் இழந்துகொண்டிருப்பது என்ன என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

தொல்காப்பிய அகத்திணையியல் ஒரு பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். உரிப்பொருள் கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனித ஒழுக்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கரு. ‘தெய்வம் உணாவே மாமரம் புள்பறை, செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ’ என்று நூற்பா அதைப் பட்டியலிடுகிறது. இந்தப் பட்டியலின் வரிசை என்னை எப்போதும் நிறுத்தி வைக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகிய எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே தரத்தில் வருகின்றன. காட்டு விலங்கும் மனிதர் முழக்கும் பறையும் தனித்தனி வகைகளாகப் பிரிக்கப்படவில்லை. ஒரு நிலம் எதை விளைவிக்கிறதோ அதுவே அங்குள்ளவரின் உணவு, உணவுக்கேற்ற தொழில், தொழிலுக்கேற்ற பறை, நிலத்துக்கேற்ற தெய்வம். தினையும் கிளியும் தினைப்புனம் காக்கும் பெண்ணும் முருகனும் தொண்டகப்பறையும் ஒன்றையொன்று சார்ந்தே ஒரு பாடலுக்குள் வர முடியும். ஓர் உயிர் இன்னோர் உயிரைச் சார்ந்திருப்பதைச் சூழலியல் எப்படி விளக்குகிறதோ, அதற்கு மிக நெருங்கிய ஓர் ஒழுங்கு இது. சென்னையில் ஆங்கில இலக்கியம் கற்பித்த நிர்மல் செல்வமணி போன்றோர் திணைக் கோட்பாட்டைச் சூழலியல் திறனாய்வுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான்.

கருப்பொருளுக்குள் மறைத்துப் பேசும் கலைக்கு உள்ளுறை என்று பெயர். அதன் உச்சமான எடுத்துக்காட்டாக நான் கருதுவது அகநானூறு 46, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவனை வாயிலில் நிறுத்தி, தோழி அவன் ஊரைப் பற்றிப் பேசுகிறாள். சேற்றில் நின்று வெறுத்துப்போன செங்கண் எருமை, ஊர் உறங்கும் இரவில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு, கூர்முள் வேலியைக் கொம்பால் விலக்கி, நீர் நிறைந்த பழனத்தில் இறங்குகிறது, மீன்கள் சிதறி ஓடுகின்றன, வள்ளைக்கொடிகள் உழப்பப்படுகின்றன, வண்டு மொய்க்கும் தாமரையை அது மேய்கிறது. ‘அத்தகைய ஊரனே’ என்று அவனை விளிக்கிறாள். அவன் செய்தது ஒன்றுகூட நேராகச் சொல்லப்படவில்லை; சொல்லாமல் எதுவும் விடப்படவும் இல்லை. தளை எது, வேலி எது, சிதறி ஓடும் மீன்கள் யார், மிதிபட்ட வள்ளை யார், தாமரை யார் என்று கேட்பவருக்குப் புரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது, எருமை மனிதனுக்கான வெறும் முகமூடி இல்லை என்பது. அந்த எருமை உண்மையான எருமை. எருமை சேற்றை விரும்பும் விலங்கு. எனினும் தன் சாணமும் சிறுநீரும் ஊறிய கொட்டில் சேற்றில் கட்டிக்கிடப்பதை அது வெறுக்கும். அதற்கு வேண்டியது நீர். வேலிமுள்ளைக் கொம்பால் நெம்பி ஒதுக்குவது மாடு வளர்த்தவர்கள் பார்த்த காட்சி. இந்தக் கவனிப்பு சரியாக இருப்பதால்தான் குற்றச்சாட்டும் சரியாக விழுகிறது. எருமையின் இயல்பைத் தவறாகச் சொல்லியிருந்தால் தலைவன் எளிதாகத் தப்பியிருப்பான்.

துல்லியத்துக்கு இன்னொரு சான்று கடற்கரையில் இருக்கிறது. குறுந்தொகை 243இல் நம்பி குட்டுவனார் ‘மான்அடி அன்ன கவட்டிலை அடும்பின், தார்மணி அன்ன ஒண்பூ’ என்கிறார். மணல்மேட்டில் படரும் அடும்பின் இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். மானின் குளம்புத் தடம் போலவே தோன்றும். பூ குதிரையின் கழுத்துமணியின் வடிவம். 1753இல் லின்னேயஸ் இதே கொடிக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘பெஸ்-காப்ரே’, அதாவது ஆட்டின் பாதம், என்ற சொல்லைத் தேர்ந்தார். நம் கடற்கரை ஊர்களிலும் இதற்கு ஆட்டுக்கால் கொடி என்று பெயர் உண்டு. நெய்தல் புலவரும் சுவீடனின் தாவரவியலாளரும் ஒரே இலையைப் பார்த்து ஒரே வகைக் குளம்பை நினைத்திருக்கிறார்கள். காதலனைப் பிரிந்த பெண் ஈர மணலில் வண்டல் பாவை செய்து விளையாடும் மகளிரைப் பற்றிச் சொல்லும் பாடலில் இந்த அளவு கவனிப்பு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அடும்பு மணலைப் பிடித்து நிறுத்தும் கொடி. அது படர்ந்த இடம் கரையின் எந்தப் பகுதி என்பது நெய்தல் மக்களுக்குத் தெரியும். ஒரு கொடியின் பெயரிலேயே காட்சி நிகழும் இடம் முழுவதும் வந்துவிடுகிறது.

பொழுதைப் பற்றிய அறிவு இதைவிடவும் ஆழமானது. முல்லைத்திணையில் பிரிந்து சென்ற தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிச் செல்கிறான். நாள்காட்டி இல்லாத அந்த வாக்குறுதிக்குக் கொன்றையும் முல்லையும் இடியுமே சாட்சிகள். குறுந்தொகை 21இல் ஓதலாந்தையார் பாடும் தலைவி, கொன்றை பூத்துவிட்டது என்று காடே சொன்னாலும் தான் நம்பமாட்டேன் என்கிறாள்: ‘கானம் கார்எனக் கூறினும், யானோ தேறேன், அவர் பொய் வழங்கலரே.’ இன்னொரு பாடலில், குறுந்தொகை 66இல், தோழி மரத்தையே குறை சொல்கிறாள். கொன்றை அறிவற்றது, அவர் சொன்ன பருவம் வரும் முன்பே, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டது. பருவம் தப்பிய அந்த மழைக்குப் பாடல் தரும் பெயர் ‘வம்ப மாரி’.

இந்த இரண்டு பாடல்களையும் ஆற்றுப்படுத்தும் நாடகமாக மட்டும் படிப்பது வழக்கம். உண்மையில் பருவம் வந்துவிட்டது, தோழி தலைவியைத் தேற்றுவதற்காக மரத்தின்மேல் பழி போடுகிறாள் என்பது உரையாசிரியர்கள் காட்டும் பொருள். அந்தப் பொருள் சரியே. ஆனால் அந்தத் தேற்றுதல் தலைவியிடம் எடுபட வேண்டுமானால், மழை பருவம் தப்பிப் பெய்வதும் மரம் அதை நம்பி ஏமாறுவதும் இருவருக்கும் தெரிந்த உண்மைகளாக இருக்க வேண்டும். மரங்கள் தளிர்ப்பது, பூப்பது, காய்ப்பது, பறவைகள் வலசை வருவது ஆகியவற்றின் நாள்களைக் குறித்து வைத்து, வானிலை மாற்றத்தை அவற்றின் வழியே படிக்கும் ஒரு துறை இன்று வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் முயற்சியில் பள்ளிப்பிள்ளைகள் வாரந்தோறும் தம் அருகிலுள்ள மரங்களைப் பார்த்துக் குறிக்கிறார்கள். கேரளத்துப் பள்ளிகளின் பங்கு அதில் பெரியது. அங்கே சித்திரை விஷுவுக்குக் கணியாக வைக்கப்படும் சரக்கொன்றை, அந்நாளுக்கு மிக முன்னதாகவே பூத்து உதிர்ந்துவிடுவது அண்மை ஆண்டுகளில் அடிக்கடி செய்தியாகிறது. ‘மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை’ என்று தொடங்கிய தோழியின் கூற்றுக்கு இப்படி ஒரு புது உரை எழுதப்படும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வம்ப மாரி விதிவிலக்காக இருந்தவரைதான் அவள் சொன்ன பொய் ஆறுதலாக இருந்தது.

பாலை பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மரபு நிலத்தின் அழிவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தது என்பதை அங்கேதான் காண்கிறோம். தொல்காப்பியம் காடுறை உலகம், மைவரை உலகம், தீம்புனல் உலகம், பெருமணல் உலகம் என்று நான்கு நிலங்களையே பகுத்தது; நடுவில் நிற்கும் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் பேசும் இடத்தில் அதன் காரணம் விளங்குகிறது: ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப், பாலை என்பதோர் படிவம் கொள்ளும்.’ காடும் மலையும் தம் முறையிலிருந்து திரிந்து, நல்லியல்பை இழந்து, அங்கு வாழும் உயிர்களுக்கு நடுக்கம் தரும் துயரை உண்டாக்கி, பாலை என்ற வடிவத்தை எடுக்கின்றன. பாலை பிறந்த நிலம் இல்லை, ஆன நிலம். ‘படிவம்’ என்ற சொல்லை இளங்கோ தேர்ந்ததில் இது ஒரு தற்காலிக உருவம் என்ற குறிப்பும் இருக்கிறது. மழை திரும்பினால் அதே நிலம் முல்லையாகலாம்.

இதற்கு முந்தைய அடிகளில் உள்ள உவமை பெரும்பாலும் மேற்கோள்களில் விடுபட்டுப் போகிறது. அமைச்சரோடு அரசனும் முறைகோடியதால் ஆட்சியின் இயல்பை இழந்த நிலம் போல, வேனிலும் வெயிலும் சேர்ந்து வருத்த, காடு தன் தன்மையில் குன்றியது என்கிறது காப்பியம். வெயிலின் கொடுமைக்கு ஒப்பாக நிர்வாகத்தின் கொடுமை நிற்கிறது. நிலம் பாழாவதையும் ஆளுவோர் பிழைப்பதையும் ஒரே மூச்சில் நினைத்த ஒரு கவிஞர், உவமையின் திசையை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார். இன்று நாம் எதிர்த்திசையில் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மரபை மாசற்றதாகக் காட்டுவது அதற்குச் செய்யும் நன்மை ஆகாது. பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது ‘காடு கொன்று நாடாக்கிக், குளம்தொட்டு வளம்பெருக்கி’ என்கிறது. அழித்தல் என்றோ திருத்தல் என்றோ சொல்லாமல் ‘கொன்று’ என்று சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. காட்டுக்கு உயிர் உண்டு என்பதை அறிந்தே அந்தப் புகழ்ச்சி நடக்கிறது. மருதம் விரிந்தபோது முல்லை சுருங்கியது. தினைப்புனங்களும் காட்டைச் சுட்டு எரித்தே ஆக்கப்பட்டன. போர்ப்பாடல்களில் எரியும் ஊர்களும் யானைகள் படிந்து கலக்கிய குளங்களும் வெட்டப்பட்ட காவல் மரங்களும் நிறைய உண்டு.

முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியை இந்த இடத்தில் எல்லோரும் நினைப்பார்கள். எனக்குப் புறநானூறு 57 அதைவிடக் கனமாகப் படுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், போருக்குச் செல்லும் பாண்டியன் நன்மாறனிடம் பேசுகிறார். பகைவரின் கதிர் முற்றிய கழனிகளை உன் வீரர் கொள்ளையிடட்டும். பேரூரைத் தீ தின்னட்டும். உன் வேல் பகைவரைக் கொல்லட்டும். ஆனால் எது நேர்ந்தாலும் ‘கடிமரம் தடிதல் ஓம்பு’, காவல் மரத்தை வெட்டுவதை மட்டும் தவிர்த்துவிடு. அதற்கு அவர் காட்டும் காரணம், உன் பெரிய யானைகளைக் கட்டும் தறியாக அந்த மரங்கள் தாங்கமாட்டா என்பது. மனித உயிருக்குக் கேட்காத இரக்கத்தை மரத்துக்குக் கேட்பது முதலில் அதிர்ச்சி தருகிறது. போரை நிறுத்தும் வலிமை தனக்கு இல்லை என்று அறிந்த புலவர், தன்னால் காக்கக்கூடியதாகத் தோன்றிய ஒன்றைக் கேட்கிறார். அதையும் அரசன் மனம் ஏற்கும்படி, மரத்தின் சிறப்பைச் சொல்லாமல் யானையின் பெருமையைச் சொல்லிக் கேட்கிறார். அழிவின் நடுவே நின்று பேசுபவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய பாடல் வேறு எனக்குத் தெரியாது.

நற்றிணை 226 ‘மரம்சா மருந்தும் கொள்ளார் மாந்தர்’ என்று தொடங்குகிறது. மருந்துக்காகக்கூட மரம் சாகும்படி எடுக்கமாட்டார்கள் மக்கள் என்கிற அந்த அடி, பொருள் தேடிப் பிரிந்த தலைவன் தன் உயிரை எடுக்கிறான் என்று சொல்வதற்காகத் தலைவி எடுத்த ஒப்புமை. அறவுரையாக அவள் இதைச் சொல்லவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட நடைமுறையாகப் போகிறபோக்கில் சொல்கிறாள். பட்டை உரிப்பதற்கும் வேர் தோண்டுவதற்கும் அளவு வைத்திருந்த ஒரு சமூகத்தில் மட்டுமே அந்த ஒப்புமை வாதமாக நிற்கும். இதே தொகையின் 172ஆம் பாடலில், சிறுமியாக இருந்தபோது மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்ததும், நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்த்ததும், ‘உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் தங்கை’ என்று அன்னை சொன்னதும் நினைவுகூரப்படுகின்றன. அதனால் அந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்கிறாள் பெண். உறவு என்ற சொல்லின் முழு எடையோடு மரம் அங்கே நிற்கிறது. தங்கை இருக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தனை அறிவும் சொற்களில் தங்கியிருக்கிறது; சொற்களோ உயிர்களைச் சார்ந்திருக்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், அருவியில் ஆடிய மகளிர் மலையில் பறித்துப் பாறைமேல் குவித்த பூக்கள் 99 என்று எண்ணுவர். ‘ஒண்செங் காந்தள், ஆம்பல், அனிச்சம், தண்கயக் குவளை, குறிஞ்சி, வெட்சி’ என்று அந்தக் குவியல் தொடங்குகிறது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது அவருக்குக் கிடைத்த ஏடுகளில் இந்தப் பூக்களில் சிலவற்றின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்தில் தேடியபோது கிடைத்த ஏட்டில் அவை இருந்தன. அந்த அனுபவத்தை ‘உதிர்ந்த மலர்கள்’ என்ற தலைப்பில் அவரே எழுதியிருக்கிறார். 1889இல் வந்த பதிப்பில் பூக்கள் எல்லாம் திரும்பிவிட்டன. ஆனால் அகராதியைத் திறந்தால் பழம்பெயர்கள் பலவற்றுக்கு எதிரே ‘ஒரு மரவகை’, ‘ஒரு பூவகை’ என்ற அளவிலேயே பொருள் நிற்கிறது. மோந்தால் குழையும் அனிச்சம் எந்தச் செடி என்பதில் இன்றும் ஆய்வாளரிடையே ஒருமுகம் இல்லை. ஏட்டில் பெயர் இருக்கிறது. பெயருக்குரிய பூவைக் கையில் எடுத்துக் காட்ட ஆளில்லை.

குறிஞ்சியின் நிலை அப்படி ஆகவில்லை. ஆனாலும் அதன் மலை மாறிவிட்டது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு சாரல் முழுவதும் ஒரே காலத்தில் பூத்து, விதைத்து, மடியும் செடி. அதன் வீடு, சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்த உயர்மலைப் புல்வெளி. நீலகிரியிலும் பழனிமலையிலும் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை மரத்துக்கும் போய்விட்டது. சீகை இன்று நடாமலே பரவுகிறது. மரம் நிற்பதால் அதைக் காடு என்று எண்ணுபவர்களும் உண்டு. குறிஞ்சிக்கு அது காடும் இல்லை, வீடும் இல்லை. 2006இல் பூத்தபோது கேரள அரசு இடுக்கியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. அடுத்து 2018இல் பூத்தது.

‘நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று’ என்று தொடங்கும் தேவகுலத்தாரின் குறுந்தொகைப் பாடலை அறியாத தமிழ் மாணவர் இல்லை. அதில் நிலமும் வானும் நீரும் எல்லோரும் சொல்லக்கூடிய அளவைகள். அதன்பின் வரும் ‘கருங்கோல் குறிஞ்சிப்பூக்கொண்டு, பெருந்தேன் இழைக்கும் நாடன்’ என்ற அடிகளே அந்தக் காதல் எத்தகையது என்று சொல்கின்றன. நெடுங்காலம் பூக்காமல் முதிர்ந்து கறுத்த தண்டு. ஒருமுறை பூத்தால் மலையெல்லாம் பூ. அந்தக் குறுகிய காலத்துக்குள் தேனீக்கள் இழைத்துவிடும் பெருந்தேன். காத்திருப்பும் நிறைவும் ஒரு செடியின் வாழ்க்கைச் சுழற்சியிலிருந்து வருகின்றன. குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டிய ஆண்டு 2030. அன்று புல்வெளி எஞ்சிய ஏதாவது ஒரு சாரலில் ஏறி நிற்கும் இளைஞர் ஒருவருக்கு, ‘கருங்கோல்’ என்ற சொல்லுக்கு யாரும் உரை சொல்ல வேண்டியிருக்காது.